மூளையில் பொருத்தும் பேச்சுக் கருவி: இறங்கும் முன் தெரிந்திருக்க வேண்டியவை

‘தண்ணி’ என்று ஒரு தடவை மெதுவாகச் சொல்லிப் பாருங்கள். தகரத்துக்கு நுனிநாக்கு மேல்பல்லின் பின்புறத்தைத் தொடுகிறது. தாடை இறங்கி அகரம் வருகிறது. அடுத்து நாக்கு மடங்கி அண்ணத்தில் போய் நிற்க, காற்று மூக்கு வழியாகப் போகிறது. கடைசியில் நாக்கு முன்பக்கம் எழும்பி இகரம். கண் இமைக்கும் நேரத்தில் முடியும் இந்த வேலைக்கான கட்டளைகள், மூளையின் பக்கவாட்டில் ஒரு மடிப்பின் கீழ்ப்பகுதியிலிருந்து கிளம்புகின்றன. மூளைத்தண்டில் பக்கவாதம் வந்தால் கட்டளை இறங்கும் வழி அறுந்துவிடும். ஏ.எல்.எஸ். நோயில் கட்டளையைத் தசைக்குக் கொண்டுபோகும் நரம்பணுக்கள் ஒவ்வொன்றாகச் செத்துப்போகும். ஆனால் அந்த மனிதர் ‘தண்ணி’ என்று சொல்ல முயலும்போதெல்லாம் மூளையில் கட்டளை பிறந்துகொண்டேதான் இருக்கும். பேச்சு இழந்து 18 வருடமான ஒருவருக்கும் அது பிறப்பதைப் பார்த்திருக்கிறார்கள்.

மூளையில் வைக்கும் பேச்சுக் கருவி இந்தக் கட்டளையைத்தான் படிக்கிறது. நினைப்பைப் படிப்பதில்லை; பேச எடுக்கும் முயற்சியைப் படிக்கிறது. இந்த ஒரு விஷயம் மனதில் பதிந்துவிட்டால் யாருக்கு இது உதவும், பயிற்சி ஏன் அப்படி இருக்கிறது, எங்கே தவறுகிறது என்பதெல்லாம் விளங்கும்.

முதலில், யாருக்கு? மொழி முழுசாக இருந்து வாய் மட்டும் ஒத்துழைக்காதவர்களுக்கு. பெரும்பாலான குடும்பங்கள் குழம்பும் இடம் இது. பெருமூளையின் இடப்பக்கம் பக்கவாதம் வந்து, சொல்ல வேண்டிய சொல்லே அகப்படாமல் தவிப்பவரின் சிக்கல் வேறு. அங்கே அடிபட்டிருப்பது மொழியின் இருப்பிடம். இன்றைய கருவிகள் அவர்களுக்காகச் செய்யப்பட்டவை அல்ல. சோதித்துப் பார்க்க எளிய வழி உண்டு: கண்ணால் எழுத்தைக் காட்டச் சொன்னால் முழு வாக்கியம் பிழையில்லாமல் வருகிறதா? வந்தால் மொழி பத்திரமாக இருக்கிறது. ஏ.எல்.எஸ். உள்ளவர்களில் சிலருக்கு நோய் யோசிக்கும் திறனையும் தொடும் என்பதால் மருத்துவக் குழு அதைத் தனியாகப் பரிசோதிக்கும்.

மூளையின் மின் சிக்னலைப் பிடிக்கும் மின்முனைகள் இரண்டு வகை. ஒன்று, மூளையின் மேற்பரப்பில் விரிக்கும் மெல்லிய தாள். இன்னொன்று, மூளையின் மேலடுக்கான புறணிக்குள் 1.5 மில்லிமீட்டர் இறங்கும் ஊசிகள் நட்ட, சட்டைப் பொத்தானைவிடச் சிறிய சதுரம். தாள் வகை ஆயிரக்கணக்கான நரம்பணுக்களின் கூட்டு முழக்கத்தைக் கேட்கும். ஊசி வகை தனித்தனி நரம்பணுக்களின் துடிப்பைப் பிடிக்கும். துல்லியம் வேண்டுமென்றால் ஊசி, நிலைத்தன்மை வேண்டுமென்றால் தாள் என்பதுதான் இதுவரை கிடைத்திருக்கும் படம்.

வந்த தூரத்தைச் சுருக்கமாகச் சொல்லலாம். 2015இல் நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரில் ஏ.எல்.எஸ். உள்ள பெண்மணிக்கு முழுக்க உடலுக்குள்ளேயே அடங்கும் கருவியைப் பொருத்தினார்கள். கையசைக்க முயன்று திரையில் எழுத்தைத் தேர்வது. நிமிடத்துக்கு ஏறக்குறைய 2 எழுத்து. 2021இல் சான் பிரான்சிஸ்கோவில் எட்வர்ட் சாங் குழு 128 மின்முனைத் தாளை வைத்து, 50 சொற்களுக்குள், நிமிடத்துக்கு 15 சொல் வேகத்தை எட்டியது. 2023இல் அதே குழு 253 மின்முனையோடு 78 சொல்லுக்கும், ஸ்டான்ஃபோர்டில் பிராங்க் வில்லெட், ஜேமி ஹெண்டர்சன் குழு ஊசி வகையில் 62 சொல்லுக்கும் போயின. 2024இல் டேவிஸில் உள்ள கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் டேவிட் பிராண்ட்மன், செர்கேய் ஸ்டாவிஸ்கி குழு 256 ஊசிகளோடு 1,25,000 சொற்கள் கொண்ட அகராதியில் 97.5 சதவீதம் சரியாக எடுத்தது. நிமிடத்துக்குச் சுமார் 32 சொல். சாதாரணமாகப் பேசுகிறவர் நிமிடத்துக்கு 160 சொல் பேசுவார்.

சதவீதத்தைப் பார்க்கும்போது சொற்பிழை எவ்வளவு என்று கேளுங்கள், அகராதி எத்தனை சொல் என்றும் சேர்த்துக் கேளுங்கள். ஸ்டான்ஃபோர்டின் கருவியே 50 சொல்லுக்குள் 9.1 சதவீதம் பிழை செய்தது, 1,25,000 சொல்லுக்கு 23.8 சதவீதம். நாலு சொல்லுக்கு ஒன்று தவறு என்பது காகிதத்தில் சின்னதாகத் தெரியும். ‘ராத்திரி மாத்திரை இன்னும் போடல’ என்பதில் அந்த ஒரு சொல் ‘போட்டேன்’ என்று வந்தால் என்ன ஆகும் என்று யோசித்தால் அளவு புரியும். 40 சொல்லுக்கு ஒன்று என்று இறங்கிய பிறகுதான் இது உரையாடலுக்கு ஆகும் கருவியானது என்பது என் கணிப்பு.

அறுவை சிகிச்சை பற்றி. அதற்கு முன்னால், எந்த இடம் வாயை ஆள்கிறது என்று எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் வரைபடம் போடுகிறார்கள். தலையெல்லாம் ஒரே மாதிரி மடிப்பாக இருக்காது. சில மில்லிமீட்டர் தள்ளிப்போனாலும் சிக்னல் மெலிந்துவிடும். ஸ்டான்ஃபோர்டில் வைத்த நாலு சதுரங்களில் இரண்டை, பேச்சின் இடம் என்று நூறாண்டுக்கு மேல் பாடப்புத்தகங்கள் சொல்லிவந்த புரோக்கா பகுதியில் வைத்தார்கள். அவற்றிலிருந்து பிரயோஜனமாக ஏதும் பெரிதாகக் கிடைக்கவில்லை. பக்கத்திலிருந்த அசைவுப் புறணியில் வைத்த இரண்டுதான் வேலை முழுவதையும் செய்தன. அதனால் டேவிஸ் குழு நாலு சதுரங்களையும் அந்த மடிப்பிலேயே வைத்தது. பேச எடுக்கும் முயற்சியைத்தான் படிக்கிறோம் என்பதற்கு இதைவிட நேரடிச் சான்று வேண்டாம்.

மண்டையோட்டைத் திறக்கும் சிகிச்சை இது, முழு மயக்கத்தில் நடப்பது. தொற்றும் இரத்தக்கசிவும் எல்லாருக்கும் பொதுவான அபாயம். ஏ.எல்.எஸ். உள்ளவர்களுக்கு இன்னொன்று கூடும்: மூச்சுத் தசைகள் ஏற்கெனவே தளர்ந்திருப்பதால், மயக்கம் தெளிந்தபின் வென்டிலேட்டரை விட்டு வெளியே வருவது சிரமமாகலாம். நுரையீரலின் கொள்ளளவு என்ன அளவில் இருக்கும்போது அறுவைக்குப் போகலாம் என்ற கேள்வியை மயக்க மருத்துவரிடமே நேராகக் கேட்க வேண்டும். தள்ளிப்போடப் போட இந்தக் கணக்கு மோசமாகிக்கொண்டே போகும்.

பயிற்சி எப்படி இருக்கும் என்பதை எங்கும் யாரும் விவரமாகச் சொல்வதில்லை, அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். ஊசி வகையில், தலையின் மேல் தோலுக்கு வெளியே கட்டைவிரல் நுனியளவு உலோக முனை நிற்கும். காலையில் அதைச் சுற்றியுள்ள தோலைத் துடைத்துச் சுத்தம் செய்து, முனையின் மூடியைக் கழற்றி, கேபிளைத் திருகிப் பொருத்துவார்கள். ஒவ்வொரு மின்முனையும் சிக்னல் தருகிறதா என்று சிறிய சோதனை நடக்கும். பிறகு திரையில் ஒரு வாக்கியமும் சிவப்புக் கட்டமும் வரும்; சில வினாடி கழித்துக் கட்டம் பச்சையாகும். அப்போது அந்த வாக்கியத்தைச் சொல்ல முயல வேண்டும். குரல் வருகிறதா இல்லையா என்பது பொருட்டில்லை. சத்தமில்லாமல் வாயசைக்க முயன்றாலும் போதும். முடிந்ததும் திரையில் உள்ள பொத்தானைக் கண்ணால் பார்த்து முடித்துவைக்கலாம். அடுத்த வாக்கியம் வரும். ஸ்டான்ஃபோர்டு பங்கேற்பாளர் இப்படி ஒரு நாளைக்கு 260 முதல் 480 வாக்கியம் வரை, மொத்தம் 10,850 வாக்கியம் சொல்ல முயன்றார். டேவிஸில் அறுவைக்கு 25 நாள் கழித்து முதல் அமர்வு. அரை மணிநேரப் பயிற்சியில் 50 சொல்லுக்கு 99.6 சதவீதம் வந்தது. மறுநாள் இன்னும் 1.4 மணிநேரம் சேர்த்ததும் பெரிய அகராதியில் 90 சதவீதத்தைத் தாண்டியது. முதல்முறை தான் சொல்ல வந்த சொற்கள் திரையில் சரியாக வந்தபோது அவர் அழுதுவிட்டார், சுற்றி நின்றவர்களும்தான்.

உள்ளே நடப்பது இது. 20 மில்லிவினாடிக்கு ஒருமுறை ஒவ்வொரு ஊசியும் எத்தனை துடிப்பைக் கண்டது என்று எண்ணுகிறார்கள். 80 மில்லிவினாடிக்கு ஒருமுறை ஒரு நரம்பு வலையமைப்பு (உதாரணங்களிலிருந்து கற்கும் கணினி நிரல்), இப்போது எந்த ஒலி முயலப்படுகிறது என்பதற்கு நிகழ்தகவு கொடுக்கிறது. ஆங்கிலத்துக்கு 39 ஒலியன்கள், அதாவது சொல்லைப் பிரித்துக்காட்டும் அடிப்படை ஒலிகள். அந்த ஒலி வரிசையை வைத்து, எந்தச் சொல்லுக்குப் பின் எது வரக்கூடும் என்று கணிக்கும் ‘மொழி மாதிரி’ என்ற நிரல் சொற்களைக் கோக்கிறது, பின்வரும் சொல்லைப் பார்த்து முன்னால் போட்டதைத் திருத்துகிறது. கடைசியில் நோய்க்கு முன் இருந்த குரலைப் போலச் செய்த செயற்கைக் குரல் அதை வாசிக்கிறது.

இனி, எது தவறும்?

அன்றாடத் தலைவலி சிக்னல் நகர்வது. மூளை ஒவ்வொரு நாடித் துடிப்புக்கும் லேசாக அசைகிறது, ஊசி மயிரிழை நகர்ந்தாலும் நேற்று கேட்ட நரம்பணு இன்று கேட்காது. நேற்று நன்றாகப் படித்த கருவி இன்று உளறும். முன்பெல்லாம் ஒவ்வொரு நாளும் புதிதாகப் பயிற்சி கொடுத்தார்கள். டேவிஸ் குழு, ‘சரி’ என்று பேசுபவர் உறுதிசெய்த வாக்கியங்களையே பயிற்சிப் பாடமாக்கிக் கருவியைப் பின்னணியில் திருத்திக்கொண்டே இருக்கும்படி செய்தது. எனவே, வந்த வாக்கியம் தவறென்றால் சோர்வில் ‘பரவாயில்லை, சரி’ என்று தள்ளிவிடக் கூடாது. தவறான பாடம் உள்ளே போய்விடும்.

திடீரென்று எல்லா மின்முனையிலும் ஒரே மாதிரிக் குப்பை வந்தால் மூளையைச் சந்தேகிக்காதீர்கள். கேபிளையும் மின்சாரத்தையும் சந்தேகியுங்கள். இணைப்பு சரியாகத் திருகப்படாதது, மோட்டார் கட்டில், சக்கர நாற்காலியின் சார்ஜர், பக்கத்தில் ஓடும் ஏதாவது இயந்திரம். ஒவ்வொன்றாக அணைத்து, கேபிளைக் கழற்றி, முனை ஈரமாக இருந்தால் உலரவிட்டு மீண்டும் மாட்டிப் பார்க்க வேண்டும். வென்டிலேட்டரை மட்டும் இந்தத் தேடலில் தொடக் கூடாது. கொஞ்சம் குரல் மிச்சமிருப்பவர்களிடம் இன்னொரு ஏமாற்று உண்டு: குரலின் அதிர்வே மின்முனையிலும் கேபிளிலும் ஏறி, மூளைச் சிக்னல் போல வேஷம் போடும். கருவி மூளையைப் படிக்காமல் தொண்டையைப் படித்துவிடும். குரல் போனபிறகு அந்தத் துல்லியமும் கூடவே போகும். நல்ல குழு இதைத் தனியாகச் சோதிக்கும்.

மிக ஆபத்தான பிழை, பார்ப்பதற்கு அழகாக இருக்கும் பிழைதான். மொழி மாதிரி எப்போதும் ஒழுங்கான வாக்கியத்தையே தரும். சிக்னல் மங்கலாக இருந்தால் பொருத்தமாகத் தோன்றும் ஒன்றை நிரப்பிவிடும். வீட்டுப் பெயர்கள், மருந்துப் பெயர்கள் அதன் அகராதியில் இல்லையென்றால் பக்கத்துச் சொல்லைப் பிடித்துப் போடும். முதல் வாரமே குடும்பத்தார் பெயர், செல்லப் பெயர், மருந்து, ஊர் என்று ஒரு பட்டியலைக் கொடுத்துச் சேர்க்கச் சொல்லுங்கள். சிகிச்சை, உயில், ஒப்புதல் போன்ற விஷயத்தில் கருவி சொன்னதை மட்டும் நம்பிக் கையெழுத்துப் போடாதீர்கள். கண் சிமிட்டல் போன்ற, கருவிக்குத் தொடர்பில்லாத ஆம்/இல்லை வழியில் அதே கேள்வியை நேராகவும் மாற்றியும் கேட்டு உறுதிசெய்யுங்கள்.

நோயும் சும்மா இருப்பதில்லை. உட்ரெக்ட் பெண்மணி ஏழு வருடம் வீட்டில் அந்தக் கருவியைப் பயன்படுத்தினார். பிறகு கருவி கெடாமலேயே சிக்னல் தேய்ந்து பயன்படாமல் போயிற்று. நோய் முற்றியதில் அவருடைய மூளையே சுருங்கியிருந்தது. ஏ.எல்.எஸ். குடும்பங்கள் இதைத் தெரிந்தே இறங்க வேண்டும். மூளைத்தண்டுப் பக்கவாதத்தில் இந்தத் தேய்மானம் இல்லை. 2021 ஆய்வில் தாள் வகைச் சிக்னல் 81 வாரமும் நிலையாக இருந்தது.

மனசுக்குள் நினைப்பதெல்லாம் வெளியே வந்துவிடுமோ என்ற பயம் நியாயமானது. 2025இல் ஸ்டான்ஃபோர்டு குழு, வாயசைக்க முயலாமல் மனசுக்குள் சொல்லும் சொல்லையும் ஓரளவு படிக்க முடிகிறது என்று காட்டியது. முயற்சிச் சிக்னலைவிட அது மெலிது, ஆனால் இருக்கிறது. அதே ஆய்வில் பூட்டும் செய்து காட்டினார்கள்: ஒரு குறிச்சொல்லை மனசுக்குள் சொன்னால்தான் கருவி விழிக்கும், அதை 98 சதவீதத்துக்கு மேல் சரியாகக் கண்டுகொண்டது. அதே வருடம் டேவிஸ் குழு எழுத்தைத் தாண்டி, 25 மில்லிவினாடியில் மூளையிலிருந்து நேரே குரலை எழுப்பியது. கேள்வியாக ஏற்றி இறக்கவும், சிறிய மெட்டைப் பாடவும் முடிந்தது. கேட்பவர்களுக்குச் சுமார் 60 சதவீதச் சொல்தான் விளங்கியது என்றாலும், பேச்சின் நடுவே குறுக்கிட முடிவது பெரிய விஷயம். பேச்சிழந்தவர்கள் அதிகம் ஏங்குவது இதற்குத்தான்.

தமிழில் இதைச் செய்யும்போது கணக்கு மாறும். ஆங்கிலத்தில் அடிக்கடி குழம்பும் p, b போன்ற ஜோடிகள் நமக்குச் சொல்லை மாற்றுவதில்லை, அது லாபம். நஷ்டம் வேறிடத்தில். கல், கால், எடு, எட்டு. நீளம் மாறினால் பொருள் மாறிவிடும், நோயாளியோ எல்லாவற்றையும் இழுத்துத்தான் சொல்லுவார். ல, ள, ழ மூன்றும் நாக்கு நிற்கும் இடத்தில் சிறு வித்தியாசம்தான். ‘போ’ ஒன்றே போகலாமா, போயிருப்பாங்களோ, போகச்சொன்னியே என்று விரிவதால் 1,25,000 சொல் அகராதி நமக்குப் போதாது, சொல்லின் துண்டுகளை வைத்துத்தான் கட்ட வேண்டும். எழுத்துத் தமிழில் பழக்கிய மொழி மாதிரி, அம்மா ‘போயிட்டாங்க’ என்று முயன்றால் ‘போய்விட்டார்கள்’ என்று செய்தி வாசிக்கும். ஆகவே அவருடைய வாட்ஸ்அப் உரையாடலையும் குரல் செய்திகளையும் அழிக்காமல் வையுங்கள். அவர் பேசும் தமிழ் அங்கேதான் இருக்கிறது. இரண்டு மொழி கலந்து பேசுவது தடையல்ல. 2024இல் ஸ்பானிஷும் ஆங்கிலமும் பேசும் ஒருவருக்கு எட்வர்ட் சாங் குழு இரண்டையும் ஒரே கருவியில் படித்தது. ஒன்றில் கொடுத்த பயிற்சி மற்றதற்கும் உதவியது. வாயின் அசைவு இரண்டுக்கும் பொதுவல்லவா.

இவை எல்லாம் இன்னும் ஆய்வு நிலையில்தான். சேரும் முன் எழுத்தில் வாங்க வேண்டிய பதில்கள்: ஆய்வு முடிந்தால் கருவி உள்ளே இருக்குமா, எடுப்பார்களா, செலவு யாருடையது? வீட்டில் கேபிள் மாட்ட யாருக்குப் பயிற்சி தருவார்கள்? பின்னால் எம்.ஆர்.ஐ. எடுக்க முடியுமா? பதிவான மூளைத் தரவு யாரிடம் இருக்கும்?

கருவி கிடைக்கிறதோ இல்லையோ, ஏ.எல்.எஸ். என்று தெரிந்த வாரமே குரலைப் பதிவு செய்யுங்கள். நாக்கு குழறத் தொடங்கினால் அந்தக் குழறல்தான் பதிவாகும். மின்விசிறியை அணைத்து, துணிமணி நிறைந்த சின்ன அறையில், மைக்கை வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்து, வேவ் கோப்பாகச் சேமியுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் ஒலி நசுங்கிவிடும். முன்பு குரல் செய்ய 1,600 வாக்கியம் கேட்டார்கள், இப்போது 50 வாக்கியத்திலேயே செய்யும் சேவைகள் உண்டு. அதோடு விடாதீர்கள். பேரக்குழந்தையைக் கூப்பிடும் விதம், சிரிப்பு, ‘அட போ’ என்று சலித்துக்கொள்வது, இவற்றைத் தனித்தனியாக எடுத்து வையுங்கள். இவற்றை எந்தச் செயற்கைக் குரலும் தானாகச் செய்யாது. நேரம் கடந்துவிட்டால் பழைய கல்யாண வீடியோவைத் தேடுங்கள். 2023இல் சான் பிரான்சிஸ்கோ பங்கேற்பாளரின் குரலை அப்படித்தான் மீட்டார்கள்.

கூடவே ஒரு எழுத்துப் பலகை. 247 எழுத்தையும் வரிசையாக வாசித்தால் யாருக்கும் பொறுமை இருக்காது. பலகையில் நாலு வரி போடுங்கள்: 1 உயிர், 2 க ச ட த ப ற, 3 ங ஞ ண ந ம ன, 4 ய ர ல வ ழ ள. கீழே தனியாகப் புள்ளி, அ, ஆ, இ, ஈ என்று ஒரு வரிசை. புள்ளியை முதலில் வையுங்கள், அடிக்கடி வரும். துணை இருப்பவர் வரி எண்ணைச் சொல்லுவார், கண் மேலே போனால் அந்த வரி, பிறகு அதில் எழுத்து, பிறகு உயிர்க்குறி. ‘கால்’ என்று சொல்ல, கா-வுக்கு 2, 1, 3 என்று 6 அழைப்பு, ல்-லுக்கு 4, 3, 1 என்று 8. மொத்தம் 14 அழைப்பில் கால் வலிக்கிறது என்பதன் பாதி வந்துவிடும். மீதியை ஊகித்துக் கேட்கலாம், ஆனால் அவர் ஆமென்று காட்டும்வரை முடித்துவிடாதீர்கள். ‘வலி’, ‘சளி எடு’, ‘திருப்பிப் படுக்க வை’ மூன்றுக்கும் பலகையின் ஓரத்தில் தனிக் கட்டம் இருக்கட்டும். மூளையில் கருவி வந்தபிறகும் பலகை கட்டிலுக்குப் பக்கத்திலேயே தொங்கட்டும். குளிக்கும்போதும் ராத்திரியிலும் கேபிள் கழன்றுதான் இருக்கும்.